வெற்று வண்டியின் எடை

திங்கள் முதல் வெள்ளிவரை பகலில்
ஹேவர்லி தானியக் கிடங்கின் எடைமேடை என் பொறுப்பு.
மக்காச்சோள லாரி ஏறும். ஒரு எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும். இன்னொரு எண்.
முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால்
விவசாயிக்கு உரிய காசு.
இருபத்தாறு ஆண்டில் சண்டைக்கு வந்தவர்
ஓலாஃப் டிங்ஸ்டாட் ஒருவர்தான்.
வெற்று வண்டியை நிறுக்கையில்
அவர் நாய் ஏறி உட்கார்ந்திருந்தது.

வெள்ளி இரவுகளில்
மைதானத்துக்கு மேலே ஒட்டுப்பலகைக் கூண்டில்
பையன்கள் வீசுவதை நிறுக்கிறேன்.
காலைவிடக் கை அதிகம் ஆடும் கால்பந்து.
எத்தனை வீசினான், எத்தனை சேர்ந்தது,
எத்தனை கஜம், எத்தனை டச்டவுன், எத்தனை பறிபோனது.
கூட்டி, ஆறால் வகுத்தால் குவார்ட்டர்பேக்கின் மதிப்பு.
இந்தச் சூத்திரத்தில் முழுமை என்பது நூறு அல்ல,
நூற்றைம்பத்தெட்டுப் புள்ளி மூன்று.
ஏன் என்று கேட்காதீர்கள்.
சொல்லிச் சொல்லியே என் காப்பி ஆறிப்போகிறது.

போன வெள்ளி ரோமன் ஷிமான்ஸ்கிக்கு எழுதியது
இருபத்தெட்டுப் புள்ளி மூன்று.

எழுதிவிட்டுச் சும்மா ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டேன்:
இருபத்துநான்கு பந்தையும் அவன்
தன் காலடி மண்ணிலேயே அடித்திருந்தால்?
முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

ஆடாதவன் மேல்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
வட டகோட்டாவின் நவம்பர்க் காற்றில் போட்டதை
எதைக்கொண்டு அளப்பது?
முதல் பறிப்பு, பீட்டரின் விறைத்த விரல்களில் பட்டு
மேலே துள்ளியது.
எதிராளிக்குப் பழம் நழுவிப் பாலில்.
தாளில் அது ரோமன் பேரில்.
எதிரணிப் பையன் இரண்டு கஜம் வீசினான்,
எழுபது கஜம் ஓடியவன் வேறொருவன்.
தாளில் எழுபத்திரண்டும் வீசியவன் பேரில்.

மூன்றாம் கால்பகுதியில்
இடப்பக்கத் தடுப்பாளனுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது.
அந்தப் பக்கமிருந்து ஒரு மலை ஓடிவருவது
ரோமனுக்குத் தெரியும்.
தெரிந்தும் அரை நொடி நின்றான்.
பிறகு வீசினான், பிறகு விழுந்தான்.
பதினான்கு கஜம் என்று எழுதினேன்.
அரை நொடிக்குக் கட்டம் இல்லை.
கடைசியில் பந்தைத் தானே நெஞ்சில் அணைத்து
ஒரு கஜம் புகுந்தான்.
ஓட்டம் வீச்சல்ல, அதுவும் கணக்கில் வராது.
ஏழுக்கு ஆறு. ஜெயித்தோம்.

தாளைக் கிழிக்கத்தான் நினைத்தேன்.
லவான் பெட்டிஃபோர்ட் குறுக்கே வந்து நின்றான்.

பதினெட்டு வருஷம் இருக்கும்.
விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வந்த குடும்பம்.
அணியில் ஒரே கறுப்புப் பையன்.
"கால் இருக்கிறது, தலைமை தாங்கும் தலை இல்லை.
பந்து பிடிக்கப் போகட்டும்" என்றார் பயிற்சியாளர் ஹெஸ்கெத்.
கண்ணால் பார்த்த ஊர் முழுக்கத் தலையாட்டியது.
நான் மூன்று தாள்களை மேசையில் வைத்தேன்:
நூற்றொன்பது, தொண்ணூற்றேழு, நூற்றிருபத்திரண்டு.
எண்ணுக்குத் தாடை தெரியாது, தோல் தெரியாது,
யாருடைய அப்பா வங்கி மேலாளர் என்பது தெரியாது.
லவான் கடைசி ஆட்டம்வரை பந்து வீசினான்.

கண்ணில்லாததை அன்று நான்தான் மேசையில் வைத்தேன்.
இன்று அதற்குக் கண்ணில்லை என்று
எந்த வாயால் திட்டுவது?

கிழிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
கழிக்க வேண்டியவை. காற்று. பீட்டரின் விரல்.
கணுக்கால். அப்புறம்
அரை நொடி என்று எழுதப்போய் நிறுத்தினேன்.
அது கழிக்க வேண்டியதா, கூட்ட வேண்டியதா?

திங்கள் மாலை, பள்ளி விட்டதும்,
அப்பாவின் லாரியை மேடையில் ஏற்றினான் ரோமன்.
ஜன்னலைத் தட்டி, "எவ்வளவு?" என்றான்.
சோளத்தைக் கேட்கவில்லை.
சொன்னேன். மண்ணில் அடித்த கணக்கையும் சொன்னேன்.
சத்தமாகச் சிரித்தான்.
"ரெண்டாவது பறிப்பு என்னுதுதான்" என்றான்,
"அதுல யாரையும் சேர்க்காதீங்க."

அவன் வண்டியைவிட்டு இறங்கி வந்திருந்ததால்
திரையில் எண் குறைந்திருந்தது,
நூற்றெண்பது பவுண்டு.
அதையாவது மேடை
சரியாகச் சொன்னது.