காலி இடத்துக்கு எக்ஸ்

சஜா தொழிற்பேட்டை கிளினிக்கில்
ஆறு வருடம் சக்கர நாற்காலி தள்ளினேன்.
விசாவில் துப்புரவு என்று இருந்தது.
எந்த நோயாளியையும் பெயரால் தெரியாது,
எடையால் தெரியும்.

இன்சூரன்ஸ் திருப்பியனுப்பிய கட்டுகளைத்
தூக்கிப்போன அன்றுதான் மேல்மாடியைப் பார்த்தேன்.
மூன்று பேர், ஆறு திரை, குளிரும் ஏசி.
யாரும் யாரையும் தூக்காத வேலை.
இதுக்கு டிகிரி வேணுமா சார்?
வேண்டாமாம். பரீட்சை போதுமாம்.
அவர் கேலி செய்யவில்லையே என்று
படியிறங்குமுன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

டிப்ளமோவில் நான்கு அரியர் எனக்கு.
நான்கு என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள்.
உண்மையில் ஆறு.

நர்ஸ் மரிவிக் கொடுத்தது போன வருடத்துப் புத்தகம்.
பரீட்சைக்கு இந்த வருடத்தது வேண்டும்.
இரண்டு மாதம் வீட்டுக்குப் பணம் குறைந்தது.
பொன்சீலி ஏன் என்றாள்.
ஓவர்டைம் இல்லை என்றேன்.

மேல்கட்டிலில், போன் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
உடம்பை வேற்றுமொழியில் படித்தேன்.
நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், லித் என்றால் கல்.
நெஃப்ரோலித்தியாசிஸ் என்று வாய்விட்டுச் சொன்னால்
கீழ்க்கட்டிலிலிருந்து சந்தியாகப்பன்
யாருடா அவ, என்பான்.

அறையில் எல்லோருக்கும் கோடு போட்டுப் பழகினேன்.
ஏணியிலிருந்து விழுந்தவனுக்கு டபிள்யூ பதினொன்று.
சாரத்திலிருந்து விழுந்தால் பன்னிரண்டு.
உயரம் ஏற ஏற எண்ணும் ஏறும்போல, என்றான்.
நான் திருத்தவில்லை.
தனியாக வாழ்வதால் வரும் தொல்லைக்கும்
ஒரு கோடு இருந்தது.
எட்டுப் பேர் படுக்கும் அறையில்
ஆளாளுக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சில கோடுகளுக்கு ஏழு எழுத்து.
நடுவில் சொல்ல ஒன்றுமில்லை என்றால்
காலியாக விடக்கூடாது, எக்ஸ் போட வேண்டும்,
ஏழாவது எழுத்து தன் இடத்தில் நிற்பதற்காக.
அந்தப் பக்கத்துக்கு மட்டும் சிவப்பு ஒட்டுத்தாள்.
பிறகு விண்ணப்பத்தில்
பட்டம் என்றிருந்த கட்டத்தில் போட்டதும் அதுதான்.

முதல் தடவை அறுபத்தாறு. எழுபது வேண்டும்.
இரண்டாம் தடவை எண்ணைப் பார்க்கவில்லை.
தேர்ச்சி என்ற சொல்லோடு திரையை மூடிவிட்டேன்.

இப்போது நானும் மேல்மாடி.

ஆகஸ்ட் மதியம் ஒரு கோப்பு வந்தது.
ஆண், முப்பத்தொன்று, கம்பி கட்டுகிறவர்.
டாக்டர் எழுதியது தலைசுற்றல்.
ஆர் நாற்பத்திரண்டு. ஒரு நிமிட வேலை.

காலையில் லிஃப்ட் வாசலில் சக்கரம் சிக்கி
புதுப்பையன் திணறிய நாற்காலியில் இருந்தது அவர்தான்.
தூக்க உதவினேன். தோளில் பட்ட கையைத்
தோசைக்கல்லிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தேன்.
ஒரு பொட்டு வியர்வை இல்லை.
பெயர் கேட்டதற்கு ஊரைச் சொன்னார்.

ஆனால் என் கை ஆவணம் அல்ல.
எழுதாதது நடக்கவில்லை:
இந்தப் படிப்பின் முதல் பாடம்.
அறுபத்தாறு வாங்கியபோதும்
அதை நான் தப்பாக எழுதவில்லை.

டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம், படிவம் இருக்கிறது.
கேள்விக்குள் பதிலை வைக்கக் கூடாது.
வெயில் என்று எழுதி அழித்தேன்.
கொதித்தது என்று எழுதி அழித்தேன்.
உடல் வெப்பநிலை கோப்பில் இல்லை.
தலைசுற்றலுக்குக் காரணம் அறியப்பட்டதா?
தயவுசெய்து தெரிவிக்கவும்.

நிலுவை என்று மஞ்சளாக நிற்கிறது.
இன்னொரு கோடு என்னிடம் தயாராக இருக்கிறது.
டி அறுபத்தேழு, பூஜ்யம், ஒன்று,
ஒரு எக்ஸ்,
முதல் வருகைக்கு ஏ.

கீழே மூன்றாம் நாற்காலி கிறீச்சிட்டுப் போகிறது.
நான் இருந்தவரை
அதன் இடது சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
எந்தக் கோப்பிலும் அது இல்லை.