பாட்டு மட்டும் ஓடுகிற வேன்

டயகமையிலிருந்து இறங்குகிற மூன்றாம் வளைவில்
ஐந்தரை மணிக்கு வேன் நின்றது.
கூரையில் கட்டிய குழாய் நிற்கவில்லை.
பாண் வந்துவிட்டது, பாண் வந்துவிட்டது என்று
வார்த்தையே இல்லாமல்
பனிக்குள் இருந்த அத்தனை லயத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னால் அறுபது இறாத்தல் பாண்,
இரண்டு தட்டு மாலு பாண்,
வாலைச் சுருட்டிக் கிடக்கிற கிம்புலா பனிஸ்.
எல்லாம் ஆறத் தொடங்கியிருந்தன.

செல்ஃப் அடிக்கிறது. எஞ்சின் பிடிக்கவில்லை.
"பெற்றோல் முடிஞ்சிருக்கும்ணே" என்றான் கிங்ஸ்லி.
நேற்றுத்தான் அக்கரப்பத்தனையில் அடித்தேன்.
"பாட்ட நிப்பாட்டு. சாவியப் போடு. அடிக்காத, சும்மா போடு."
பின் சீட்டுக்கடியில் காதை வைத்தேன்.
சாவி போட்டதும் இரண்டு வினாடி
தொட்டிக்குள் ஒரு வண்டு முனகும்.
தினமும் கேட்டும் கேட்காத சத்தம்.
இன்றைக்கு ஓடைத் தண்ணீரின் சத்தம் மட்டும்.

"பாட்டப் போடவாண்ணே? ஆள் வராதே."
"போட்டுத் தொலை."

ஃபியூஸைப் பிடுங்கி டோர்ச்சில் பார்த்தேன்: கம்பி முழுசு.
ஹோர்னின் ரிலேயைக் கழற்றி
பம்பின் ரிலே இருந்த இடத்தில் செருகினேன்,
அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டுவதுபோல்.
டிக் என்றது.
டிக் மட்டும்தான்.

தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு யோகமலர் வந்தாள்.
பாட்டு ஒரே இடத்தில் நிற்கிறதே என்று
படியேறி வந்திருக்கிறாள்.
"வண்டி மேல வராதா?"
"வரும்."
"வர்ற வரைக்கும் நிக்க ஏலாது, பிரட்டுக்கு நேரமாச்சு.
ரெண்டு றாத்தல் குடுங்க."
அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு சாக்கு.
கிரீஸ் கையோடு நான் பாணைத் தொட,
முகம் சுளித்து அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

தரை விரிப்பைத் தூக்கி
பம்புக்குப் போகிற கனெக்டரைக் கழற்றி
மீட்டரை வைத்தேன்.
"கிங்ஸ்லி, சாவி."
பன்னிரண்டு புள்ளி இரண்டு.
கரண்ட் வருகிறது. அப்படியானால் பம்பு செத்துவிட்டது.
பதினைந்தாம் திகதி லீசிங் காசு
வளைவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

மீட்டர் பொய் சொல்லாது.
ஆனால் அது எதையும் சுமந்து பார்ப்பதில்லை.
ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து
மலைப் பாதை நல்லாத்தான் இருக்கு என்கிற தொரை அது.
கூடையோடு ஏறியவளைக் கேட்க வேண்டும்.

சிக்னல் பல்பைக் கழற்றி இரண்டு வயர் சுற்றி
அதே இரண்டு முனைகளில் தொட்டேன்.
"சாவி."
சாம்பலுக்குள் கங்கு மாதிரி ஒரு சிவப்பு. போய்விட்டது.
ஒரு வயரை மட்டும் எடுத்து
வேனின் வெற்றுத் தகரத்தில் வைத்தேன்.
"சாவி."
கூரையின் ஒட்டடைவரை வெளிச்சம்.

போகிற வழி சரி. திரும்புகிற வழிதான் இல்லை.

கறுப்பு வயரின் பின்னால் விரலை விட்டுக்கொண்டே போனேன்.
சீட்டுக் காலுக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்.
அதனடியில் புது நீல வயர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்க,
பம்பின் எர்த் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு
துருவில் பட்டும் படாமலும் கிடந்தது.
போன மாதம் பாட்டுப்பெட்டி பூட்டிய
தலவாக்கலை பாஸின் கைவேலை.

மரை தேய்ந்த போல்ட்.
ஒரு வளையத்தைத்தான் கடிக்கும்.
நீலத்தை இழுத்தேன்.
பாட்டு பாதியில் அறுந்தது.
பாண் கத்தியால் துருவைச் சுரண்டி
கறுப்பை வைத்து முறுக்கினேன்.
"சாவி."

வண்டு முனகியது.

மேல் பிரிவுக்கு ஏறினோம். ஒரு கதவும் திறக்கவில்லை.
ஹோர்ன் அடிக்கக் கை போனது;
நாங்கள் பாட்டுக்காரர்கள், ஹோர்ன் அடித்தால்
கொழுந்து லொறி என்று நினைப்பார்கள்.
கிங்ஸ்லி கண்ணாடியை இறக்கி
அதே பாட்டை விசிலடித்தான்,
ஏறுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் வழுக்கி.

முதலில் ஒரு நாய் வந்தது.
பிறகு, சில்லறையை உள்ளங்கையில் இறுக்கியபடி ஒரு பொடியன்:
"ஒங்க பாட்டுக்குச் சளியாண்ணே?"