தடையின்றி

ஒட்டுசுட்டான் தாண்டி ஜீப் நின்றுவிட்டது.
மிச்சம் முக்கால் மைல் வரம்பு நடை.
செருப்பைக் கையில் எடுத்தேன்.
இரு தரப்புச் சட்டத்தரணிகளும்
எனக்குத் தெரியாதென்று நினைத்து
ஒரே குடைக்குள் வந்தார்கள்.

உறுதி சொல்கிறது:
வடக்கே ஒற்றைப் பாலை.
கிழக்கே வாய்க்கால்.
தெற்கே இளையதம்பி காணி.
மேற்கே காடு.

பாலையை ஷெல் தின்றது.
வாய்க்கால் ஏதோவொரு மாரியில் தடம் மாறியது.
இளையதம்பியைத் தெரிந்த ஒருவருமில்லை.
அவர் காணியில்
வெடி அகற்றியவர்கள் விட்டுப்போன சிவப்புத் தடி ஒன்று.
காடு மட்டும் எழுதியபடியே இருக்கிறது,
எழுதியதைவிட நாற்பது முழம் உள்ளே வந்து.

வழக்காளி அரியமலர்.
வட்டுவாகல் தண்ணீரில் கழுத்தளவு நின்றபோதும்
உறுதியைத் தலையில் கட்டியிருந்தவள்.
அப்படியும் ஓரம் நனைந்து
ஏக்கருக்கு முன்னாலுள்ள இலக்கம்
இரண்டா மூன்றா என்று
எனக்கு முன்னிருந்தவர்கள் தவணை போட்டே போனார்கள்.

எதிராளி பெருமாயி.
எழுபத்தேழில் மலையிலிருந்து லொறியில் வந்தபோது
தாயின் இடுப்பில் இருந்தாளாம்.
உறுதி இல்லை. கிணறு இருக்கிறது.
"அப்பா வெட்டுன கெணறுங்க.
பாறைக்கு மருந்து வச்சப்ப
ரெண்டு வெரலு அதுக்குள்ளயே போச்சு."

நில அளவையாளர் றொபின்சன்
எல்லைக்கல்லைத் தேடி மூன்று இடம் கிண்டினார்.
நான்காவதில் அகப்பட்டது:
தூர்ந்த பங்கர் ஒன்றின்
மேற்படியாக.

யார் பிடுங்கி இங்கே வைத்தது?

"நாங்கள்தான்" என்றாள் அரியமலர்.
"நாங்கதாங்க" என்றாள் பெருமாயி.
ஒரே மூச்சில்.
பிறகு இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.
ஒரு பங்கர்தான் இருந்ததாம்.
மழைக்குப் படி வழுக்கியதாம்.

சுருக்கெழுத்தாளர் பேனையோடு என்னைப் பார்த்தார்.
"எல்லைக்கல் தனது இடத்தில் இல்லை"
என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

சட்டம் கேட்பது பத்து வருட ஆட்சி,
தடையின்றி, இடையூறின்றி.
குவாட்டர்ஸில் இரவு
அந்தச் சொல்லின் வாசலில் நிற்கிறேன்.
இந்த மாவட்டத்தில்
எதுவும் பத்து வருடம் தடையின்றி நடந்ததற்கு
என் முன் சாட்சியம் இல்லை.
எனக்கென்று உள்ள ஒன்றரைப் பரப்பும்
பருத்தித்துறையில்
தம்பியோடு பங்கு வழக்கில் கிடக்கிறது,
பதினோராம் வருடமாக.
அதைக் கேட்கும் நீதிபதியை
ஒருநாள் கலியாண வீட்டில் கண்டேன்.
இருவரும் பாயசத்தைப் பற்றிப் பேசினோம்.

எழுதினேன். எழுதத்தானே சம்பளம்.
காணி வழக்காளிக்கு.
கிணற்றுக்கு நட்டஈடு,
தொகை பின்னர் கணிக்கப்படும்.

வாசித்து முடிய
அரியமலர் கும்பிடவில்லை, அழவுமில்லை.
பெருமாயி கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"நாளைக்கித் தண்ணி அள்ளலாமாங்க?"

கட்டளையை மறுபடி புரட்டினேன்.
அதில் நாளைக்கு என்று ஒன்றுமே இல்லை.
அரியமலர் வாயைத் திறந்தாள்,
என்னிடமல்ல, அவளிடம் ஏதோ சொல்ல.

அதற்குள் முதலியார்
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்.