அழுகை அறை

வினிபெக்கில் இன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
நத்தார் பூசை பின்னேரம் மூன்று மணிக்கு.
ஐந்து மணி, கோயிலின் சொந்தக்காரருக்கு;
அதற்குள் நாங்கள்
பாலனைப் பிறக்க வைத்து, பாடி,
கூட்டித் துடைத்து வெளியேற வேண்டும்.

காருக்கு மின்சார வயரைக் குத்திவிட்டு
உள்ளே வந்து பூட்ஸ் கழற்றுமுன்
மகள் தொடங்கிவிட்டாள்.
எட்டு மாதம். காதுவலி.
சூசைதாசன் அண்ணை சிரித்தபடி
கையால் வழி காட்டினார்:
பின்பக்கம், கண்ணாடிக்கு அப்பால்.

அழுகிற பிள்ளைகளுக்கென்று கட்டிய அறை.
ஆறு நாற்காலி, ஒரு டிஷ்யூப் பெட்டி,
சக்கரம் போன விளையாட்டு லொறி,
கதவுக்கு மேலே ஒரு ஒலிபெருக்கி.
அது பெந்தகோஸ்துத் திருநாளிலிருந்து
பேசுவதில்லை.

சுவாமி பிரசங்கம் வைக்கிறார்,
தொட்டி மீனின் வாயால்.
பாடகர் குழுவில் என் மனைவி ஜெனோவா;
எந்தப் பாட்டு என்று
அவள் புருவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.
அவர்கள் எழும்பினால் எழும்புகிறோம்.
அவர்கள் முழந்தாளிட்டால்
பிள்ளையோடு பாதி முழந்தாள்.

கடைசி நாற்காலியில் பிலோமினா அக்கா,
பக்கத்தில் மகன் ரெஜிஸ்.
வயது இருபத்தாறு. தாடி உண்டு. சொல் இல்லை.
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி இருப்பான்,
மூச்சுப் பட்ட இடம் வட்டமாய்ப் புகையும்.
இடைக்கிடை அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழும்பும்,
ஆ என்றும் இல்லாமல்
ஓ என்றும் இல்லாமல்.

"மற்றப் பிள்ளையள் ரெண்டு மூண்டு வருசத்தில
வெளியில போயிடுங்கள்," என்றா அக்கா,
மகளின் விழுந்த காலுறையை எடுத்துத் தந்தபடி.
"நாங்கள் இங்கதான்."
குறையாகச் சொல்லவில்லை.
வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொன்னா.

விளக்கை அணைத்தார்கள்.
பீடத்தடியில் குடில்; பஞ்சால் செய்த பனி,
வாசலில் கிடக்கிற பனி போதாதென்று.
சுவாமி பாலனை ஏந்தி நடுவழியே வருகிறார்.
பிளாஸ்டர் பாலன். ஒரு கால்விரல் உடைந்தது.
ரோசாக் கன்னம், ஒட்டிய உதடு.
பெட்டியில் வந்திறங்கிய நாளிலிருந்து
ஒரு தரமும் அழாதது.

தோளில் மகள் கத்தக் கத்த எனக்கு ஓர் எண்ணம்:
கடவுள் பேச்சை விட்டுவிட்டு வந்த இரவல்லவா இது.
உலகத்தைச் சொல்லியே உண்டாக்கினவர்
பாலுக்கு ஒரு சொல் தெரியாமல்
கிடந்த இரவு.
அந்தப் பிள்ளை உண்மையாகவே
இன்றைக்கு மூன்று மணிக்கு வந்திருந்தால்
சூசைதாசன் அண்ணை சிரித்தபடி
மாதாவுக்கும் வழி காட்டியிருப்பார்.
நல்ல மனுசன்.
நாற்காலியும் இழுத்துப் போட்டிருப்பார்.
அப்படியென்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
இத்தனை பேரும்

மகள் என் கழுத்தில் கக்கினாள்.
எண்ணம் அத்தோடு நின்றது.

நன்மை எங்களிடம் வந்து சேர
அப்பம் தீரப் பார்த்தது.
சிஸ்டர் ஒன்றை நாலாகப் பிட்டா.
நகத்தளவு.
ரெஜிஸ் அதையும் நெடுநேரம் மென்றான்.

முடிவில் பாலன் முத்தி.
நீண்ட வரிசை; ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு
வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு.
வெளியே இருட்டிவிட்டது,
மணி நாலே முக்கால் தாண்டிவிட்டது.
என்ன நினைத்தாரோ,
இந்த முறை சுவாமி பாலனோடு
கதவைத் தள்ளி எங்கள் அறைக்குள் வந்தார்.
முத்தமிடக் காலைக் காட்டினார்.

ரெஜிஸ் குனியவில்லை.
இரண்டு கையாலும் வாங்கினான்.
"மெதுவா, மெதுவா," என்றா அக்கா.

வாங்கி
தோளில் சாய்த்து
தலை விழாமல் ஒரு கையால் தாங்கி
மறு கையால்
முதுகைத் தட்டத் தொடங்கினான்.

இருபத்தாறு வருசத்தில் இந்த அறையில்
எத்தனை தாய்மாரைப் பார்த்திருப்பான்.
ஏப்பம் வரும்வரை தட்ட வேண்டும்,
அவனுக்குத் தெரியும்.

ஐந்து மணிக்காரர் வாசலில்
பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு நிற்கிறார்கள்.
சூசைதாசன் அண்ணை கடிகாரத்தைப் பார்க்கிறார்.
சுவாமி கை நீட்டவில்லை.
என் மகள் அழ மறந்து
வாய் திறந்தபடி பார்க்கிறாள்.

தட்டுகிறான்.
இன்னும் ஏப்பம் வரவில்லை.