ஹோல்ட், ரிஜெக்ட்

காவேரிப்பட்டினம் சாலையில்
மாங்கூழ் ஆலையின் இரண்டாவது கேட்டில்
எனக்குத் தந்திருப்பவை
ஒரு நாற்காலி, ஒரு மேசை விசிறி, மூன்று ரப்பர் முத்திரைகள்.
பச்சைக்குக் காலை பத்து மணியோடு வேலை முடிந்துவிடும்.
மிச்சப் பகலெல்லாம்
நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில்தான் என் உத்தியோகம்.

நீலம்: ஹோல்ட்.
சிவப்பு: ரிஜெக்ட்.

சேர்ந்த அன்று
இரண்டுக்கும் என்ன சார் வித்தியாசம் என்றேன்.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
"ஒண்ணு கமா, ஒண்ணு ஃபுல்ஸ்டாப்" என்றார்.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனி வெயில் வரும்வரை நம்பினேன்.

ஹோல்ட் என்றால் பிடித்துக்கொள் என்றுதான்
பர்கூர் பள்ளியில் படித்தேன்.
பஸ்ஸில் கம்பியை.
ரோடு தாண்டும்போது தங்கச்சி கையை.
இங்கே யார் எதைப் பிடித்துக்கொள்வது?
தார்ப்பாய்க்கு அடியில்
ஆறு டன் பெங்களூரா
தன் தோலையே பிடித்துக்கொள்ள முடியாமல் வியர்க்கிறது.

தமிழில் 'பொறு' என்று எழுதிப் பார்த்தேன்.
காத்திரு என்றாலும் பொறு,
தாங்கு என்றாலும் பொறு,
மன்னித்துவிடு என்றாலும் பொறு.
மூன்றையும் ஒரே சீட்டில்
ஒரே குத்தாகக் கேட்பது அதிகம் என்று பட்டது.

சந்தூர் திம்மராயனின் டிராக்டர்
நேற்று மாலை நாலரைக்கு நீலம் வாங்கியது.
இரவில் மறுபடி நீலம். விடிந்ததும் நீலம்.
எடைமேடையில் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது.
பதினொன்றுக்கு ஈக்கள் வந்தன,
அவற்றுக்கு கேட் பாஸ் தேவையில்லை.

சன்னல் கம்பியில் நெற்றியை வைத்து
"சிவப்பையே குத்திடும்மா" என்றார்.
"கிருஷ்ணகிரி மண்டிக்காவது ஓட்டிட்டுப் போறேன்.
இதைக் கையில வெச்சுக்கிட்டு
போகவும் முடியல, இருக்கவும் முடியல."

ரிஜெக்டுக்குத் தமிழில் என்ன என்றார்
பின்னால் நின்ற லாரிக்காரர்.
தள்ளுபடி என்றேன்.
திம்மராயன் சிரித்தேவிட்டார்:
"சொசைட்டிக் கடனைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு
நாலு வருஷமா மனு.
மனுவைத் தள்ளுபடி பண்ணாங்க.
இப்ப காயா?
ஒரே வார்த்தையை வெச்சு
எத்தனை பேர்தான் பொழைப்பாங்க."

சிவப்புக்கு ஒரு பதிவேடு உண்டு.
தேதி, வண்டி எண், டன், காரணம், கையெழுத்து.
மேலே ஒரு சார் பார்ப்பார்; அவருக்கு மேலே இன்னொருவர்.
நீலத்துக்குப் பதிவேடு கிடையாது.
அதனால்தான் மூன்று வருடமாக
எங்களிடம் அதே சிவப்பு மை புட்டி.

கமா என்றாரே சார்,
கமா போட்டுக்கொண்டே போனால்
வாக்கியம் அழுகிவிடும் என்று சொல்லவில்லை.

(தை மாதம் என்னையும் ஒரு வீட்டார் பார்த்துவிட்டு
சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள்.
அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.)

சிவப்பை எடுத்தேன். மை ஒட்டவில்லை.
வாயால் ஊதி, பாட்டில் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு,
எழுந்து நின்று அழுத்தினேன்.
வார்த்தையில் பாதிதான் விழுந்தது.
பாதி போதும் என்று
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
ஏதோ பணம் கட்டிய ரசீதுபோல.

டிராக்டர் பின்வாங்கித் திரும்ப இருபது நிமிடம்.
வரிசை முழுக்க நகர வேண்டியிருந்தது,
ஆளாளுக்குத் திட்டினார்கள்.

பதிவேட்டைத் திறந்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
'கேட்டுக்கொண்டதால்' என்று எழுதினேன்.
அடுத்த வண்டி ஹார்ன் அடித்தது.