சும்மா இருக்கும் நேரம்

புந்தா அரேனாஸில் காற்று கிளம்பினால்
முதலில் விளக்கு கண்சிமிட்டும்,
பிறகுதான் கூரைத் தகரம் பேசும்.
அந்தச் சிமிட்டலுக்குள் மேசைக்கடியில்
யூபிஎஸ் ஒருமுறை கீச்சிடும்.
போன மாதச் சம்பளத்தில் பாதி அது.
எழுதும்போது மின்சாரம் போனால்
எஸ்எஸ்டிக்குப் பாதி வாக்கியம்
தொண்டையில் சிக்கிவிடும் என்றான்
கடைக்கார எவரிஸ்தோ.
அதில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு,
கேட்கவில்லை. வாங்கிவிட்டேன்.

நீதிமன்ற ஒலிப்பதிவுகளை
வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறேன்.
வேலித் தகராறு, ஜீவனாம்சம்,
நண்டுப் படகில் இரண்டு விரல் போனவனின் நஷ்டஈடு.
'ம்ம்' என்றால் 'ம்ம்' என்றே அடிக்க வேண்டும்.
அழுதால் அடைப்புக்குறிக்குள்: அழுகிறார்.

ஞாயிறுதோறும் வருவார் கணவரின் அண்ணன் எர்மோஹெனெஸ்.
கம்ப்யூட்டரை இரண்டாயிரத்து மூன்றில் கற்றவர்,
அந்த வருடத்திலேயே நின்றுவிட்டவர்.
"டீஃப்ராக் போட்டாயா, நெலிதா?"
நலமா என்பதற்குப் பதிலாக இதைத்தான் கேட்பார்.
இதில் சுழலும் தட்டு கிடையாது,
தேடி ஓடும் முள்ளும் கிடையாது,
கலைந்து கிடந்தாலும் எடுக்க ஒரே நொடிதான்,
அடுக்க அடுக்கத்தான் தேயும் என்பேன்.
"அடுக்கினால் தேயுமாம்!" என்று
என் சமையலறை அலமாரியை
ஒரு பார்வை பார்ப்பார்.

நான் செய்வது கொஞ்சம்தான்.
ஐந்தில் ஒரு பங்கை நிரப்பாமல் விடுகிறேன்,
அது மூச்சு வாங்க.
மாதம் ஒருமுறை ஆயுளைப் பார்க்கிறேன்.
ஏப்ரலில் தொண்ணூற்று மூன்று சதவீதம்,
இப்போது தொண்ணூற்றிரண்டு.
என் முழங்காலுக்கும் இப்படி ஓர் எண்ணை
யாராவது காட்டினால் தேவலை.

ஜூலையில் ஒரு பதிவு வந்தது.
நாற்பத்தேழு நிமிடம்.
பதினோரு வயது. பெயர் சொல்லமாட்டேன்.
பேசியது மொத்தம் ஒன்றரைப் பக்கம்.
மீதி நேரமெல்லாம்
ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றுகிறாள், இறக்குகிறாள்,
ஏற்றுகிறாள்.
இதை எப்படி எழுதுவது என்று அலுவலகத்தைக் கேட்டேன்.
'பேச்சு அல்ல. விட்டுவிடவும்.'
விட்டுவிட்டேன்.

ஒப்படைத்த பின் பதிவை அழிக்க வேண்டும்,
அது ஒப்பந்தம்.
அழுத்தினேன். போயிற்று என்றது திரை.
திரைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
போனது முகவரி மட்டும்,
குடியிருப்பவள் உள்ளேதான் இருப்பாள்.
இந்த இடம் இனி வேண்டாம் என்று
டிரிம் போய்ச் சொல்ல வேண்டும்.
சொன்னதும் செய்துவிடாது.
யாரும் எதையும் கேட்காத வேளை பார்த்து,
தானாகவே, கட்டம் கட்டமாக வெறுமையாக்கும்.
வேலை ஏவிக்கொண்டே இருந்தால்
தள்ளிப்போட்டுக்கொண்டே போகும்.

டிரிம் கொடுத்தேன்.
எல்லா ஜன்னல்களையும் மூடினேன்.
அணைக்கவில்லை.
மறப்பதற்கும் அதற்கு மின்சாரம் வேண்டும்.

குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த எர்மோஹெனெஸ்
"சும்மா எதற்கு எரிகிறது?" என்றார்.
சும்மா இல்லை என்றேன்.
என் முகத்தில் என்ன கண்டாரோ,
சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்குக் காற்று.
விளக்கு போயிற்று.
யூபிஎஸ் தாங்குவது இருபது நிமிடம்.
இருட்டில் அதன் கீச்சுகளை எண்ணிக்கொண்டு
அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன்.
எட்டாவது நிமிடத்தில் தெரு எரிந்தது,
பிறகு நாங்கள்.

காலையில் பார்த்தேன்.
தொண்ணூற்றிரண்டு, அப்படியே.
அடுத்த கோப்பு காத்திருந்தது:
இரண்டு பண்ணை, ஒரு வேலி,
யாருடையதென்று தெரியாத நாற்பது ஆடு.
மதியம் வரை அடித்தேன்.

ஞாயிறு வந்தது.
வாசலில் பனியை உதறிக்கொண்டே எர்மோஹெனெஸ்,
"டீஃப்ராக்..." என்று தொடங்கியவர்
ஜாக்கெட்டில் கை வைத்து
ஜிப்பை இறக்கினார்.
தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கை
நின்றுவிட்டது.
அது எழுத்தில் இல்லை. சில்லிலும் இல்லை.
"சூடு பட்டுவிட்டதா?" என்றார்.
இல்லை என்றேன்.
ஊற்றினேன்.