நாற்பத்தொன்று

செவ்வாய் காலை. வுப்பர்டாலில் மழை,
வேறென்ன பெய்யும்.
கூரை வேய்கிற ஹல்பாக் தன் காரைக் கொண்டுவந்து
பட்டறை நடுவில் நிறுத்தினார்.
மதிப்பிடுகிற ஆள் எங்கே என்றார்.
நான்தான் என்றேன்.
'ஃபிராவ் குகநேசன்' என்று என் சட்டையில் தைத்திருந்ததை
இரண்டு முறை வாசித்துவிட்டுச்
சாவியைத் தந்தார், பச்சைக் குழந்தையைத் தருவதுபோல.
கழுத்தைத் தாங்கிப் பிடி என்று சொல்லாததுதான் குறை.

இரண்டாயிரத்து ஒன்பதில் வந்த வண்டி.
அன்று இதுதான் நாளை.
நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே யோசிக்கிற மூளை,
மூன்றரை நொடியில் நூறு,
வளைவில் உடம்பு எத்தனை மடங்கு கனக்கிறதென்று
திரையில் கோடு வரைந்து காட்டும்.
டோர்ட்முண்டில் ஒயில் மாற்றப் பழகிக்கொண்டிருந்த நான்
இதன் படத்தை லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன்.
பையன்களின் லாக்கரில் இருந்தவை வேறு படங்கள்.

இன்று அந்தத் திரையைத் தொட்டால்
யோசித்துத்தான் பதில் சொல்கிறது.
கட்டம் கட்டமாய் எழுத்து,
போன வருடம் திறந்த சுரங்கப்பாதை அதற்குத் தெரியாது,
மலைக்கு மேலே ஏறிச் சுற்றிப் போ என்கிறது.

"பந்தயமெல்லாம் ஓடியதில்லை" என்றார் ஹல்பாக்.
"ஞாயிற்றுக்கிழமை பாண் வாங்க மட்டும்."
கேபிளைச் செருகி மூளையைக் கேட்டேன்.
நின்ற இடத்திலிருந்து முழுப் பாய்ச்சல்: நாற்பத்தொன்று.
கடைசியானது போன நவம்பர்,
அதிகாலை மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்,
வெளியே இரண்டு பாகை.
அந்நேரம் எந்த வெதுப்பகமும் திறப்பதில்லை.
திரையை அவர் பக்கம் திருப்பினேன், ஒன்றும் சொல்லவில்லை.
அவர் தன் சப்பாத்தில் ஒட்டிய தாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும், அது விதி.
ஆற்றின் மேல் தொங்கு ரயில் ஆடியபடி போக
அதன் கீழே, அதனோடு, நான்.
சிவப்பு விளக்கு.
பக்கத்தில் ஒரு வெள்ளை மின்சாரக் கார்,
பின்னிருக்கையில் குழந்தை வாழைப்பழம் தின்கிறது.

இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தேன்.
மறைப்பானேன்.
பச்சை விழுந்ததும்
கியர் பெட்டி ஆணி விழுங்கியதுபோல் 'கடக்' என்றது,
பிறகு முதுகில் ஒரு பெரிய கை.
அதற்குள் வெள்ளைக் கார், சத்தமில்லாமல்,
அடுத்த விளக்கில் நின்றது.
வாழைப்பழம் கைதவறவில்லை.
அந்தத் தாய் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.
போட்டி ஒன்று நடந்ததே
வென்றவளுக்குத் தெரியாது.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
ஏனென்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
அந்தக் 'கடக்' காரணமா,
சாலையின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட தாரும்
ஸ்டீயரிங் வழியே ஏறி
உள்ளங்கையைத் தட்டிவிட்டுப் போனதாலா.
வேகம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது,
பால் வாங்கப் போகிறவர்களிடமும்.
இந்த வண்டிக்கு மட்டும்
ஓடுவது ஒரு வேலை என்று தெரிந்திருக்கிறது,
மூச்சு வாங்குகிறது.

திரும்பி வந்து படிவத்தை எடுத்தேன்.
பெயின்ட், துரு, டயரின் ஆழம்.
நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் கட்டம் எதுவும் இல்லை.
யானை இறந்தாலும் ஆயிரம் பொன்.
இது உயிரோடு நிற்கிறது, ஆனால்
கியர் பெட்டியைத் திறந்தாலே ஒன்பதாயிரம் யூரோ.
சந்தை விலையை எழுதினேன்.
"குறைவு" என்றார்.
"குறைவுதான்" என்றேன்.

விற்கத்தான் வேண்டுமா என்று கேட்பது என் வேலையில்லை.
கேட்டேன்.
முழங்காலைத் தட்டிக் காட்டினார்:
ஏறி உட்கார முடிகிறது, இறங்கத்தான் முடியவில்லை,
கூரையிலும் இப்போது அப்படித்தான்.

அறிக்கையோடு மூளையின் தாளையும் இணைக்க வேண்டும்.
மறுபடி கேபிளைச் செருகினேன்.
அச்சுப்பொறி முனகித் தள்ளிய தாளை
என்னை முந்தி அவர் எடுத்தார்,
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார்.
நாற்பத்திரண்டு.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாண் வாங்கப் போனேன்" என்றேன்.